முழு வியாழக்கிழமை

அத்தியாயம் 9

கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது.

பலேர்மோவின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடி வீட்டில், சாமித்தட்டில் முருகன் படத்துக்கும் ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் படத்துக்கும் நடுவில் அது இருந்தது. நிரோசினியின் அம்மா குகனேஸ்வரிதான் அதை அங்கே வைத்தாள். வைத்தபின் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

கடிதத்தில் இருந்தது இதுதான். வடக்கே ஒரு நகரத்துக் கூடைப்பந்துக் கழகம் நிரோசினியை இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு அழைக்கிறது. சம்பளம் உண்டு, வீடு உண்டு, துணைக்கு ஒருவர் தங்கவும் இடம் உண்டு. செப்டெம்பரில் ஆரம்பம்.

அவளுக்கு வயது பத்தொன்பது. பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முதலாம் வருடம் முடியப்போகிறது. பல்கலைக்கழக அணியில் பதினோராம் இலக்கம் அவளுடையது.

படிப்பை முடித்துவிட்டுப் போகலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டிருந்தாள்.

"இருபத்திமூன்று வயதில் உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்," என்றார் அவர். "அப்போது அவர்களிடம் வேறொரு பத்தொன்பது வயதுக்காரி இருப்பாள்."

போன கிழமை வீட்டில் அவள் சொன்னது ஒன்றுதான். "அம்மா ஓம் எண்டால் கையெழுத்து வைப்பன். இல்லையெண்டால் இல்லை."

சட்டப்படி அவளுக்கு யாருடைய ஓமும் தேவையில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பா சோதிலிங்கம், "அம்மா சொல்லுறதுதான்," என்றுவிட்டு வேலைக்குப் போனார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. பத்து நாளாக அதே வசனத்தைச் சொல்லிவிட்டு அதே பஸ்ஸைப் பிடித்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்கு இறுதி ஆட்டம். கழகத்தின் சார்பில் ஒரு பெண் விமானத்தில் வந்து ஆட்டம் பார்க்கிறாள். ஒன்பதரை விமானத்தில் திரும்புகிறாள். அவள் திரும்பும்போது கையில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

*

காலைப் பூசை முடிந்து எமிலியானா நேராக மேலே வந்தாள். அவள் கீழ்வீட்டுக்காரி. மன்னார். குகனேஸ்வரியைப் போலவே வீட்டுவேலை செய்பவள். கையில் சுடச்சுடப் பாண்.

நிரோசினி பக்கத்து அறையில் பதினோராம் இலக்கச் சட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"என்னக்கா, விடியவே மலைக்குப் போட்டு வந்திட்டியளாம்?"

"ஓம். பின்னேரம் ஆட்டத்துக்குப் போகோணும். அதுதான் வெள்ளெனப் போட்டு வந்தனான்."

ஞாயிறு தோறும் மொந்தே பெல்லெகிரீனோ மலையில் உள்ள சாந்தா றொசாலியாவின் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவது குகனேஸ்வரியின் வழக்கம். நிரோசினி பள்ளிக்கூட நாளிலிருந்து மூன்று வருடமாக ஆடுகிறாள். ஆட்டங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒன்றுக்கும் வந்ததில்லை.

"அங்கை என்ன கேட்டனீங்கள்?"

"அது எனக்கும் அவவுக்கும் உள்ள கதை."

"சரி, அவவை விடுங்கோ. இண்டைக்கு வாற மனிசிக்கு என்ன சொல்லப்போறியள்?"

"அவள் போகேல்லை. அதுதான் முடிவு."

"அப்ப முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்லப்போறியளோ? அது பாவம், பிளேன் ஏறி வந்திருக்கு."

"நான் ஏன் வேண்டாம் எண்டு சொல்லுறன்?" குகனேஸ்வரி பாணை வெட்டும் சத்தம் கேட்டது. "ஜொவெதி கேக்கப்போறன்."

எமிலியானா சிரித்த சிரிப்பில் கோப்பை தட்டில் ஆடியது.

நிரோசினி சிரிக்கவில்லை.

ஜொவெதி என்றால் வியாழக்கிழமை. வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு விடுமுறை. அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் ஒரு சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, வேலைக்கு அழைத்து, அந்த வீடு பிடிக்காவிட்டால், எங்கள் பெண்கள் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. சொன்னால் அந்தச் சிஞ்ஞோரா தன் தங்கைக்குச் சொல்வாள், மச்சாளுக்குச் சொல்வாள். நாலு கதவு ஒரேயடியாக மூடும்.

அதற்குப் பதிலாக, முழு வியாழக்கிழமையும் வேண்டும் என்று கேட்பார்கள். எந்தச் சிஞ்ஞோராவும் தரமாட்டாள். அவளே மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைப்பாள். தந்த காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து வரலாம்.

"தந்திட்டால் என்னக்கா செய்வியள்?"

"இதுவரைக்கும் ஆர் தந்தது?"

"ஏன், எனக்கு ஒருத்தி தந்தவள். கேட்டுத் தந்தால் போகோணும் எண்டு போனன். ஆறு வருசமா அவளின்ரை நாயைக் குளிப்பாட்டுறன்."

"அது உன்ரை தலைவிதி."

"பகிடியை விடுங்கோ. கேட்டுத் தந்தால் போகத்தான் வேணும். இல்லாட்டி எங்கடை ஆக்களை ஒருத்தரும் நம்பாயினம்."

"தராயினம் எமிலியானா. சம்பளம் குடுத்து விளையாட வைக்கிற பிள்ளையைக் கிழமையிலை ஒருநாள் சும்மா விடுவினமோ? நீ பாணைத் தின்."

எமிலியானா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனக்கா, பிள்ளை ஆசைப்படுது எல்லோ?"

"நான் ஒம்பது வருசமாத் திங்கக்கிழமை திங்கக்கிழமை கதவுகளிலை இருக்கிற பித்தளைப் பேர்ப்பலகை மினுக்கிறன். தொத்தோரெ இன்னார், தொத்தோரெஸ்ஸா இன்னார் எண்டு படிச்ச ஆக்களின்ரை பேர். என்ரை பிள்ளையின்ரை பேரையும் ஒருநாளைக்கு மினுக்கோணும். பந்து அடிக்கிறதுக்குப் பித்தளையிலை பேர் வெட்டுவினமோ? முழங்கால் ஒண்டு போனால் பிறகு என்ன செய்வள்? என்னோடை வந்து நிலம் துடைப்பளோ?"

அழுத்துப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றதில் சட்டை கருகும் மணம் வந்தது. நிரோசினி சட்டென்று தூக்கினாள். இலக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கீழே மட்டும் ஒரு சின்ன மினுக்கம் விழுந்திருந்தது.

*

கழகத்திலிருந்து வந்தவளின் பெயர் பெல்லாந்தி. நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்தாள். முன்பு அவளும் சம்பளத்துக்கு ஆடியவள்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது அவள் நிரோசினியைத் தனியே கூப்பிட்டாள்.

"உன் அம்மா வருகிறாரா?"

"வருகிறார்."

"அவர் சம்மதித்தால்தான் நீ வருவாய் என்று பயிற்சியாளர் சொன்னார். நான் அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? உனக்குத் தெரியாமல் இருக்காது."

தெரியும். ஒரு வசனம் போதும். அம்மா முழு வியாழக்கிழமை கேட்பார், தருகிறேன் என்று சொல்லுங்கள். கேட்டுத் தந்தால் அம்மா மறுக்க மாட்டாள். தானே கட்டிய முடிச்சில் தானே நிற்பாள்.

வசனம் தொண்டைவரை வந்தது.

அவளுக்குப் போக வேண்டும். எவ்வளவு என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. கடிதத்தோடு அந்தக் கழகத்தின் அரங்கு ஒரு படத்தில் வந்திருந்தது. பலகைத் தரை. அந்தத் தரையில் பந்து என்ன சத்தம் போடும் என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அப்படி வாங்கும் ஓம் அம்மாவுடையதாக இருக்காது. இவள் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும்.

"நீங்கள் நினைப்பதையே சொல்லுங்கள்," என்றாள்.

பெல்லாந்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டுப் போனாள்.

*

குகனேஸ்வரி மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எமிலியானா பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

எதிரணி தீவின் மறுகரையிலிருந்து வந்தது. உயரமான பெண்கள். முதல் பாதி முடிந்தபோது அவர்கள் ஒன்பது புள்ளி முன்னால்.

இரண்டாம் பாதியில் நிரோசினி ஓட ஆரம்பித்தாள். அவளிடம் உயரம் இல்லை. ஓட்டம் இருந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. சின்ன வயதில் அம்மாவோடு ஞாயிறு தோறும் மலை ஏறிய கால்கள் அவை.

ஒன்பது, ஏழானது. ஏழு, நான்கானது.

"அக்கா, அந்த அஞ்சாம் நம்பர் இவளை முழங்கையாலை இடிக்குது!"

"நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

கடைசி நிமிடத்தில் எதிரணி ஐம்பத்தெட்டு, இவர்கள் ஐம்பத்தேழு. நான்கு வினாடி இருக்கும்போது நிரோசினி பந்தோடு உள்ளே நுழைந்தாள். ஐந்தாம் இலக்கம் மீண்டும் இடித்தது. இந்த முறை நடுவர் கண்டார். விசில்.

இரண்டு தனி எறிகள்.

எமிலியானா விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

நிரோசினி கோட்டில் நின்றாள். பந்தை மூன்று தரம் தட்டினாள். தலையைத் தூக்கினாள். வளையத்துக்கு அப்பால் மூன்றாம் வரிசை தெரிந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது.

எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

பின்னால் யாரோ அழும் குரலில் ஏதோ சொன்னார்கள். நடுவர் பந்தைத் திருப்பித் தந்தார்.

இரண்டாவது தடவை அவள் வளையத்தை மட்டும் பார்த்தாள். மூச்சை முழுவதும் வெளியே விட்டாள். எறிந்தாள். பந்து வலையைத் தவிர எதையும் தொடவில்லை.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு.

எதிரணி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே எறிந்தது. களைத்த கையின் எறி. மெதுவாக வந்தது. நிரோசினி அதைக் கண்டாள். ஒரு அடி. இரண்டு அடி. பந்து அவள் கையில் இருந்தது.

முன்னால் யாரும் இல்லை. அவள் ஓடினாள். வளையத்துக்குப் பின்னிருந்த பலகையின் சதுரத்தின் வலது மூலையில் பந்தை வைத்தாள். அது வளையத்தின் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

பந்து விழுந்தது.

அறுபது, ஐம்பத்தெட்டு.

எமிலியானா விதைப்பையை மேலே எறிந்தாள். முன்வரிசைக்காரரின் தலையெல்லாம் பூசணி விதை. "எங்கடை பிள்ளை! நொஸ்த்ரா! நொஸ்த்ரா!" என்று இரண்டு மொழியிலும் கத்தினாள். பத்துப் பேர் நிரோசினியின் மேல் விழுந்தார்கள். யாரோ அவளைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது.

அம்மா கைதட்டவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

பயிற்சியாளரின் அறை சிறியது. மேசையில் இன்றைய கிண்ணம். அதற்குள் யாரோ ஒரு துவாயைப் போட்டிருந்தார்கள்.

நிரோசினி ஈரத் தலையோடு உள்ளே வந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெல்லாந்தி, அம்மா, எமிலியானா. பயிற்சியாளர் கதவடியில் நின்றார். அம்மாவின் முன்னால் இயந்திரக் காப்பி, பிளாஸ்ரிக் கோப்பையில்.

அம்மா மகளைப் பார்த்தாள். "அந்த அஞ்சாம் நம்பர் உன்னை நாலு தரம் இடிச்சது. ஏன் நீ திருப்பி இடிக்கேல்லை?"

"இடிச்சால் எனக்கு விசில் ஊதுவினம் அம்மா."

"முதலாவதை எறியேக்கை ஏன் என்னைப் பாத்தனி?"

நிரோசினி ஈரத் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

அம்மா காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். நிரோசினிக்கு அது என்னவென்று தெரியும். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

குகனேஸ்வரி இத்தாலிய மொழியில் பேசினாள். அது சமையலறையில் கற்ற இத்தாலியன். வினைச்சொற்கள் குறைவு. ஆனால் யாருக்கும் விளங்கும்.

"சிஞ்ஞோரா, நல்ல வேலை. நல்ல வீடு. மிக நன்றி. ஒரு காரியம் மட்டும். ஜொவெதி."

"வியாழக்கிழமையா? மத்தியானமா?"

"முழு நாள். காலை முதல் இரவுவரை. வேலை இல்லை."

பயிற்சியாளர் நெற்றியில் கையை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வியாழக்கிழமைதான் பெரிய பயிற்சி. அதை அவர் சொல்லத் தேவையில்லை. எல்லா அணியிலும் அப்படித்தான்.

பெல்லாந்தி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். கிழமையின் பயிற்சி அட்டவணை. வியாழக்கிழமைக் கட்டத்தில் காலை ஒன்று, பின்னேரம் ஒன்று என்று எழுதியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எமிலியானா தன் மோதிரத்தைத் திருகினாள். நிரோசினி சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை.

"எதற்காக?" என்று கேட்டாள் பெல்லாந்தி.

குகனேஸ்வரி நிமிர்ந்தாள்.

இந்த ஊருக்கு வந்த பதினொரு வருடத்தில் எந்தச் சிஞ்ஞோராவும் அதைக் கேட்டதில்லை. முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எதற்காக என்பதற்கு அவளிடம் ஆயத்தமான பதில் இல்லை. உண்மை ஒன்றுதான் இருந்தது.

"படிக்க," என்றாள். "என் மகள் படிக்க வேண்டும். கிமிக்கா. புத்தகம் பஸ்ஸில் படிக்கலாம், படுக்கையில் படிக்கலாம். லபொராத்தோரியோ அப்படி இல்லை. அங்கே போக வேண்டும். நின்று செய்ய வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்."

நிரோசினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஆய்வுகூடம் பற்றி அவள் வீட்டில் சொன்னது ஒரே ஒரு தரம். அதுவும் பாத்திரம் கழுவும்போது. அம்மா கேட்டுக்கொண்டிருந்ததாக அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

பெல்லாந்தி பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"நானும் பத்தொன்பது வயதில் கையெழுத்து வைத்தேன்," என்றாள். "மருத்துவம் முதலாம் வருடம். பிறகு திரும்பிப் போகவே இல்லை. முழங்கால் போனபோது எனக்கு இருபத்தாறு." அவள் அட்டவணையில் வியாழக்கிழமைக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "எனக்காக யாரும் வியாழக்கிழமை கேட்கவில்லை."

இன்னொரு கோடு.

"தந்தேன், சிஞ்ஞோரா. முழு நாள். பல்கலைக்கழகம் எங்கள் அரங்கிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிடம்."

பயிற்சியாளர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா," என்றாள் எமிலியானா தமிழில், மெல்ல. "தந்திட்டாள்."

"எனக்குக் காது கேக்கும்."

"கேட்டுத் தந்தால்..."

"வாயை மூடு எமிலியானா."

குகனேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். மூடினாள். அவள் எழுந்து போகப்போகிறாள் என்று நிரோசினி நினைத்தாள்.

அவள் எழவில்லை. நாற்காலியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்தாள்.

"தொமேனிக்கா," என்றாள். "ஞாயிறும் லீவு."

"அம்மா!" என்றாள் நிரோசினி. "ஞாயிறுதான் மட்ச்!"

குகனேஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். "சரி," என்றாள் பெல்லாந்தியிடம், பெரிய மனதோடு. "ஞாயிறு நான் விட்டுத்தருகிறேன். ஆனால் சோதனை எழுதும் நாள், அதற்கு முதல் இரண்டு நாள், பந்து இல்லை."

"ஒரு நாள்."

"இரண்டு."

"இரண்டு," என்றாள் பெல்லாந்தி. எழுதினாள்.

"பெர்மெஸ்ஸோ?" என்றாள் குகனேஸ்வரி. வதிவிட அனுமதிப் பத்திரம்.

"கழகம் பார்த்துக்கொள்ளும்."

"குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை வரிசையிலை நிக்கிறதுக்கும் அவையளே ஆள் விடுவினமோ எண்டு கேளுங்கோ அக்கா," என்றாள் எமிலியானா. அம்மா அதையும் மொழிபெயர்த்துக் கேட்டாள். பெல்லாந்தி சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை உண்டு. கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைத் துளித்துளியாக அமிலத்தில் விடுவார்கள். ஐம்பது துளி விட்டாலும் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு துளியில் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறும். எந்தத் துளி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அம்மா இப்போது மறுப்பதற்காகப் பேசவில்லை. எப்போது மாறினாள் என்று நிரோசினிக்குத் தெரியவில்லை. மாறியிருந்தாள்.

"கடைசி," என்றாள் குகனேஸ்வரி. "அவள் தனியே இருக்க மாட்டாள்."

"வீட்டில் இரண்டு அறை. துணைக்கு ஒருவர் தங்கலாம். அந்தப் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்."

"சரி."

குகனேஸ்வரி எழுந்தாள். கிண்ணத்துக்குள் இருந்த துவாயை எடுத்து மகளின் ஈரத் தலையில் போட்டாள். சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல அழுத்தித் துவட்டினாள்.

"ஓம்," என்றாள்.

துவாய்க்குள் இருந்த நிரோசினிக்கு அது நன்றாகவே கேட்டது.

*

ஸ்ஃபெர்ராகவால்லோ விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்தது. பயிற்சியாளர் எல்லோரையும் தன் காரில் ஏற்றினார். பெல்லாந்தி முன்னால். பின்னால் மூன்று பேரும் கிண்ணமும். அப்பாவிடம் சொல்லிவிட்டு அங்கேயே கையெழுத்து வைப்பதென்று முடிவாகியிருந்தது.

காரில் குகனேஸ்வரி எமிலியானாவிடம் சொன்னாள். "உன்ரை மச்சாள் அகஸ்ரீனா சும்மாதானே இருக்கிறாள்? திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு வா. என்ரை சிஞ்ஞோராவுக்குக் காட்டுவம்."

"ஏனக்கா?"

"ஏனோ? மாத்து ஆள் விடாமல் வேலையை விட்டிட்டுப் போவனோ? செப்டெம்பருக்கு முதல் அவள் எல்லாம் பழகோணும்."

எங்கள் ஆட்கள் ஒருவரும் தன் இடத்தில் இன்னொருவரை நிறுத்தாமல் ஒரு வேலையை விடுவதில்லை.

நிரோசினி யன்னலால் கடலைப் பார்த்தாள். ஏழரை மணி. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது.

உணவகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். சமையலறைக் கதவு திறந்திருந்தது. சோதிலிங்கம் ஒரு வாளி சிப்பிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். கழுவும் தொட்டியடியில் ஒரு புது மனிதர் சட்டிகளோடு நின்றார்.

மகள் கிண்ணத்தோடு வாசலில் நிற்பதைக் கண்டதும் அவர் கத்தியைக் கீழே போட்டார்.

"வெண்டாச்சோ?"

"வெண்டாச்சப்பா. அறுபது, அம்பத்தெட்டு."

"மற்றது?"

நிரோசினி அம்மாவைப் பார்த்தாள்.

"போறாள்," என்றாள் குகனேஸ்வரி. "படிச்சுக்கொண்டு போறாள். கிழமையிலை ஒரு முழு நாள் கம்பசுக்கு. எழுத்திலை வாங்கியிருக்கிறன்."

சோதிலிங்கம் எழுந்தார். கைகளை ஏப்ரனில் துடைத்தார். ஒரு தரம் போதவில்லை. மீண்டும் துடைத்தார். பிறகு கிண்ணத்தை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். "மீயா ஃபீல்யா! மீயா ஃபீல்யா!" என்று அவர் குரல் மேசைகளுக்கு நடுவே கேட்டது. என் மகள், என் மகள். சமையற்காரர் சட்டியில் கரண்டியால் அடித்தார். வெயிற்றர்கள் இருவர் விசிலடித்தார்கள். பத்து நாளாக ஒரே வசனத்துக்கு மேல் வாயைத் திறக்காத மனிதர் அவர்.

அவர் திரும்பி வந்தபோது கிண்ணத்துக்குள் ஒரு முழு எலுமிச்சைக் கொப்பு இருந்தது.

பெல்லாந்தி ஒப்பந்தத்தை இறைச்சி வெட்டும் மேசையில், துடைத்த பக்கமாகப் பார்த்து விரித்தாள். நிரோசினி எல்லாவற்றையும் வாசித்தாள். வியாழக்கிழமை இருந்தது. சோதனை நாட்கள் இருந்தன. அவள் தன் பெயரை எழுதி, கையெழுத்து வைத்தாள்.

எமிலியானா முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும். தொட்டியடியில் நின்ற புது மனிதரும் சவர்க்காரக் கையோடு தட்டினார்.

"இவர் ஆர் அண்ணை?" என்று கேட்டாள் எமிலியானா.

"இவர் ஞானசேகரம். பிரான்காச்சோவிலை இருக்கிறார்." சோதிலிங்கத்தின் குரல் கொஞ்சம் தணிந்தது. "வேலை பழகுறார்."

"ஆற்றை வேலை?" என்றாள் குகனேஸ்வரி.

"என்ரை."

"உங்கடையோ? ஏன்?"

"பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விடேலுமோ? துணைக்கு ஒருத்தர் இருக்கலாம் எண்டு கடிதத்திலை போட்டிருந்தது. நான் முதலாளிட்டைப் போன கிழமையே சொல்லிப்போட்டன், செப்டெம்பரோடை நிக்கிறன் எண்டு."

"போன கிழமையோ? நான் ஓம் எண்டதே இப்பதானே!"

"நீர் ஓம் எண்டு சொல்லுவீர் எண்டு எனக்குத் தெரியும்."

"இஞ்சருங்கோ, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமோ? சிப்பி சுரண்டத்தான் தெரியும். அகஸ்ரீனாவை என்ரை சிஞ்ஞோராவுக்குக் காட்டுறதெண்டு இப்ப காரிலைதான் கதைச்சுக்கொண்டு வந்தனான்."

"உமக்கு அங்கத்தைக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

"உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

ஞானசேகரம் ஒரு சட்டியை எடுத்து, ஏற்கெனவே கழுவியதை மீண்டும் கழுவத் தொடங்கினார்.

பெல்லாந்திக்குத் தமிழ் விளங்கவில்லை. கடிகாரம் விளங்கியது. அவள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வெற்றுக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது ஒன்றுதான் மீதி. துணையாகத் தங்குபவர். ஒரு பெயர்."

அம்மாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் மகளைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே எதிர்பார்ப்பு.

துணை வேண்டுமா என்று இதுவரை ஒருவரும் தன்னைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நிரோசினிக்குப் பட்டது.

வெளியே பயிற்சியாளர் ஹோர்ன் அடித்தார்.

"யோசிச்சு எழுது பிள்ளை," என்றாள் அம்மா.

"அவசரமில்லை," என்றார் அப்பா.

நிரோசினி இந்த முறை இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தாள். மூச்சை முழுவதும் வெளியே விட்டாள்.

பேனை அவள் கையில் இருந்தது.